ஆர்கன் மேடையில் அறுபது ஆண்டுகள்

(யூபிலி விழாவையொட்டிப் பாடகர் குழுவினர் நடத்திய இசை மாலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் பங்கின் வரலாற்றைச் சொல்ல இந்த விழாவில் பலர் இருக்கிறார்கள். கோயில் எழும்பிய கதை, மணி வந்து சேர்ந்த கதை, கொடிமரம் நட்ட கதை எல்லாம் நாளையும் நாளை மறுநாளும் இதே மேடையில் கேட்கப் போகிறோம். இன்றைய மாலையோ பாடகர் குழுவுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஆகவே நம்மைப் புகழ்ந்துகொள்வதை விட்டுவிட்டு, வெகு தொலைவில் உள்ள வேறொரு பங்குக் கோயிலின் ஆர்கன் மேடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்த ஒரு மனிதரைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தோம்.

அவர் பெயர் ஒலிவியே மெசியான். பிரெஞ்சு நாட்டவர். 'இசையமைப்பாளர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்க்கு வெள்ளித்திரைதான் ஞாபகம் வரும். இவர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். பாக், மோசார்ட், பேத்தோவன் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் மேல்நாட்டுச் சாஸ்திரீய இசை மரபில் நமது காலத்தில் தோன்றியவர். இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றை எழுதுகிறவர் எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. அவ்வளவு பெரியவர், ஒரு பங்கின் ஆர்கன் வாசிப்பவராகவே கடைசிவரை இருந்தார் என்பதுதான் நம்மைக் கவர்ந்த செய்தி.

ஒரு காலத்தில் பாப்பரசர்கள் தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரில் 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். தகப்பனார் ஆங்கில ஆசிரியர். ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். தாயார் கவிஞர், மகன் வயிற்றில் இருக்கும்போதே அவனை நினைத்து ஒரு கவிதை நூலே எழுதினார். வீட்டில் பக்தி அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. தாம் விசுவாசியாகவே பிறந்ததாக மெசியான் பின்னாளில் சொல்லுவார். 11-ஆம் வயதில், 1919-இல், பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பால் துக்கா அவருக்கு இசையாக்கமும், மார்செல் துப்ரே ஆர்கனும் கற்றுக்கொடுத்தார்கள்.

1931-இல் பாரிஸ் நகரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் பதவி காலியாயிற்று. அங்குள்ள ஆர்கன், காவாயே-கோல் என்ற புகழ்பெற்ற கலைஞர் அமைத்தது. நம் ஆர்மோனியத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை எண்ணிப்பார்க்கக் கூடாது. ஆயிரக்கணக்கான குழல்கள், கைக்கு மூன்று வரிசைக் கட்டைகள், காலுக்குத் தனி வரிசை, சின்ன வீடு ஒன்றின் அளவுக்கு நிற்கும் இசைக்கருவி அது. மெசியானுக்கு அப்போது வயது 22. 'இந்தப் பையன் புதுமை என்ற பெயரில் வழிபாட்டைக் கெடுத்துவிடுவானோ' என்ற அச்சம் பங்கில் இருந்தது. அவரோ பங்குக் குருவுக்குக் கடிதம் எழுதினார். புதுமை தேடுவது இசைக்கலைஞனின் கடமையென்றாலும் வழிபாட்டில் மரபுக்கே முதலிடம் என்பதைத் தாம் அறிந்திருப்பதாக அதில் உறுதி கூறினார். வேலையும் கிடைத்தது. அந்த ஆண்டு ஏறிய ஆர்கன் மேடையை 1992-இல் இறக்கும்வரை அவர் விடவில்லை.

கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் ருசிகரமானது. ஞாயிறு பாடற் பூசையில் கிரகோரியார் இசையை ஒட்டியே வாசிப்பார். அடுத்த பூசையில் பாக் போன்ற பழைய ஆசிரியர்கள். நடுப்பகல் பூசையில்தான் தம் சொந்தப் படைப்புகள். மாலை வழிபாட்டில் அந்த நேரத்தில் மனதில் எழுவதைக் கற்பனையாக வாசிப்பார். நம் வித்துவான்கள் ராகம் பாடுகிற மாதிரி. புது இசை வேண்டாதவர் வேறு பூசைக்குப் போகலாம், வேண்டியவர் நடுப்பகலில் வரலாம் என்பது போன்ற ஏற்பாடு. இருந்தும் முணுமுணுப்பு ஓயவில்லை. பங்கின் மூதாட்டிகள் பலர் முறையிட்டார்கள். நமக்கு இது புதிதா? இலத்தீன் போய்த் தமிழ் வந்தபோதும், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தபேலாவை வைத்தபோதும், பிறகு கீபோர்டு வந்தபோதும் நம் கோயில் வாசலில் எழுந்த பேச்சுகளை இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெசியான் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. தம் இசையை நிறுத்தவும் இல்லை. அந்தப் பூசை வேளைகளில் கற்பனையாக வாசித்தவற்றிலிருந்தே 1950-இல் 'பெந்தகோஸ்து பூசை' என்ற படைப்பை எழுதினார். நுழைவு, காணிக்கை, எழுந்தேற்றம், நற்கருணை, முடிவு என்று பூசையின் நேரங்களுக்குப் பொருந்துகிறபடி அது ஐந்து பகுதிகளாய் அமைந்திருக்கிறது.

இனி அவருடைய வாழ்வில் உலகம் அறிந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டு ஜெர்மானியர் பிரான்சுக்குள் புகுந்தபோது மெசியான் படையில் மருத்துவப் பணியாளராக இருந்தார். வெர்தன் அருகே பிடிபட்டார். அவரோடு பிடிபட்டவர்களில் எத்தியேன் பாஸ்கியே என்ற செல்லோக் கலைஞரும், ஆன்றி அக்கோக்கா என்ற கிளாரினெட் கலைஞரும் இருந்தார்கள். கைதிகளை வெட்டவெளியில் காவலில் வைத்திருந்த இடத்திலேயே மெசியான் அக்கோக்காவுக்காக ஒரு தனி இசையை எழுதிக்கொடுத்தார். தாளை வைக்க மேசை இல்லை. பாஸ்கியே கையில் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் வாசித்துப் பார்த்தார்.

பிறகு மூவரும் சிலேசியாவிலிருந்த கோர்லிட்ஸ் நகர முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த இடம் இன்று போலந்து எல்லைக்குள் இருக்கிறது. அங்கே ழான் லெ பூலேர் என்ற வயலின்காரர் சேர்ந்தார். ஜெர்மானிய அதிகாரி ஒருவர் இரக்கப்பட்டு இசைத்தாளும் பென்சிலும் தனியிடமும் கொடுத்தார். இவ்வாறு பிறந்ததுதான் 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'. திருவெளிப்பாட்டின் 10-ஆம் அதிகாரத்தில், தலையில் வானவில் சூடி, ஒரு காலைக் கடலின் மீதும் ஒரு காலை நிலத்தின் மீதும் ஊன்றி, காலம் என்பது முடிந்ததென்று ஆணையிடும் தூதரை நாம் அறிவோம். இன்றைய மொழிபெயர்ப்புகள் 'தாமதம் இல்லை' என்ற பொருளில் சொல்லும். மெசியான் படித்தது பழைய மொழிபெயர்ப்பு. அந்தத் தூதருக்கே இந்த இசையைக் காணிக்கையாக்கினார்.

1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், முகாமின் மரக்கொட்டகை ஒன்றில் அது முதன்முறை இசைக்கப்பட்டது. பியானோவில் சில கட்டைகள் அமுங்கினால் எழும்பாது. கேட்டவர்கள் பல நாட்டுக் கைதிகள்: விவசாயிகள், தொழிலாளிகள், குருக்கள், மருத்துவர்கள். முன்வரிசையில் ஜெர்மானிய அதிகாரிகள். ஐயாயிரம் பேர் கேட்டதாகவும், செல்லோவில் மூன்றே கம்பிகள் இருந்ததாகவும் மெசியான் சொல்லி வந்தார். அந்தக் கொட்டகையில் சில நூறு பேருக்குமேல் அடங்கமாட்டார்கள். நான்கு கம்பிகளும் இருந்தன என்று பாஸ்கியே சாதித்தார். கம்பியின் மேல் வில்லை இழுத்தவர் அவர்தாமே. நாங்கள் அவர் பக்கம். எண்ணிக்கை எப்படியிருந்தாலும், அவ்வளவு கவனத்தோடும் புரிதலோடும் தம்மை வேறு யாரும் கேட்டதில்லை என்று மெசியான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. வாசித்த நால்வரில் அக்கோக்கா யூதர் என்பதையும் நினைவில் வைப்போம். யூதர் என்ற காரணத்தாலேயே மனிதர் கொல்லப்பட்ட ஆண்டுகள் அவை. அவர் பின்னர் சிறையிலிருந்து தப்பிப் பிழைத்தார்.

அதே 1941-இல் மெசியான் விடுதலையாகி வந்து, தாம் படித்த பாரிஸ் இசைக் கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1978 வரை, அதாவது 37 ஆண்டுகள், கற்றுக்கொடுத்தார். இசையமைப்பாளர் மெசியானைவிட ஆசிரியர் மெசியானே பெரியவரோ என்று எங்களுக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

அவருக்கு முதலில் கொடுத்தது ஹார்மனி வகுப்பு மட்டுமே. இசையாக்கம் கற்பிக்கும் பதவியை 1966 வரை கல்லூரி அவருக்குத் தரவில்லை. இதற்குள் உலகமெங்கும் இருந்து இசையாக்கம் கற்க அவரைத் தேடி வந்தவர்கள் எத்தனையோ பேர்! 1947 முதல் நடந்த அவருடைய 'இசைப் பகுப்பாய்வு' வகுப்பே அந்த வேலையைச் செய்தது. பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய இசையைப் பியானோவில் தாமே வாசிப்பார். கையில் அடங்காததை வாயால் பாடுவார். மோசார்ட் ஒரு நாள், கிரகோரியார் இசை ஒரு நாள், ஸ்திராவின்ஸ்கி ஒரு நாள், இந்தியத் தாளங்கள் ஒரு நாள். 'இப்படி எழுது' என்று கட்டளையிட்டதில்லை என்றுதான் மாணவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள்.

1951-ஆம் ஆண்டு யானிஸ் செனாக்கிஸ் என்ற கிரேக்க அகதி அவரிடம் வந்தார். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு ஒரு கண்ணை இழந்தவர். நம் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் பொறியாளர். இசை எழுத ஆசை. முறையான படிப்பு இல்லை. வேறு ஆசிரியர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஹார்மனியை அடியிலிருந்து படிக்கட்டுமா என்று செனாக்கிஸ் கேட்டார். வேண்டாம் என்றார் மெசியான். உனக்கு முப்பது வயதாகிறது, நீ கிரேக்கன், கட்டடக்கலை தெரியும், உயர் கணிதம் தெரியும், அவற்றையே இசையில் பயன்படுத்து என்ற கருத்தில் அறிவுரை சொன்னார். அந்த ஒரு பதிலால் உலகுக்கு ஒரு புது இசையமைப்பாளர் கிடைத்தார். சட்டம் பேசுகிற ஆசிரியரிடம் போயிருந்தால் கிடைத்திருப்பாரா?

இன்னொரு மாணவர் பியேர் புலே. மகா திறமைசாலி, மகா கோபக்காரர். ஆசிரியரின் சில படைப்புகளை வெளிப்படையாகவே இழித்துப் பேசினார். கத்தோலிக்க ஆசிரியருக்கு விசுவாசமற்ற மாணவர்; செனாக்கிசும் அப்படியே. மெசியான் வகுப்பை மறைக்கல்வி வகுப்பாக ஆக்கவில்லை. தம் விசுவாசத்தை மறைக்கவும் இல்லை. புலேயின் மேல் அவருக்குப் பகை ஏற்படவில்லை. 1964-இல் ஜெர்மனியின் தோனௌயெஷிங்கன் நகரில் மெசியானின் 'விண்ணக நகரின் வண்ணங்கள்' அரங்கேறியபோது வாத்தியக் குழுவை நடத்தியவர் அதே புலேதான். கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹௌசன் வந்த கதையோ வேறு. மெசியான் 1949-இல் பரிசோதனையாக எழுதிய ஒரு சிறு பியானோ இசையின் ஒலிப்பதிவைக் கேட்டு மயங்கி, 1952-இல் ஜெர்மனியிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அந்தச் சிறு இசையைப் பின்பற்றி ஒரு தலைமுறையே ஓடிற்று. எழுதியவரோ அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும், சீனாவிலிருந்து வந்த சென் சிகாங் என்ற இளைஞருக்குத் தனியே கற்றுக்கொடுத்தார். 2008-ஆம் ஆண்டு பீக்கிங் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு இசைப் பொறுப்பேற்றவர் அவர்.

இத்தனை மாணவர்களில் எவருடைய இசையும் மெசியானின் இசையைப் போல் ஒலிப்பதில்லை. ஒருவருடைய இசை மற்றொருவருடையதைப் போலவும் இல்லை. மாணவன் தன்னைப் போலவே பாடவேண்டும் என்று எதிர்பார்க்கும் நம் வழக்கத்துக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். குரு பரம்பரைக்கு அதற்கான மேன்மை உண்டு, மறுக்கவில்லை. இதுவும் ஒரு வழி.

இந்தியத் தாளங்கள் என்று சொன்னோமே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர்களின் அவையில் இருந்த சாரங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' என்ற வடமொழி நூலை எழுதினார். அதில் 120 தேசித் தாளங்களின் பட்டியல் இருக்கிறது. பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அந்தப் பட்டியலைக் கண்ட மெசியான், புதையலைக் கண்டவரைப் போல அதைப் பற்றிக்கொண்டார். கோர்லிட்ஸ் முகாமில் எழுதிய இசையின் முதற் பகுதியிலேயே பியானோ அந்தத் தாளங்களில் மூன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. 1949-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெர்ன்ஸ்டைன் நடத்த அரங்கேறிய பெரும் படைப்புக்கு 'துரங்கலீலா' என்று பெயர். அதுவும் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு தாளத்தின் பெயரே. துரங்கம் என்றால் குதிரை என்று நமக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

'விகடகவி' என்ற சொல்லை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். நம் புலவர்கள் இப்படி முழுப் பாட்டே பாடி அதை மாலைமாற்று என்றார்கள். அதுபோல, திருப்பி வாசித்தாலும் மாறாத தாளக்கட்டுகளை மெசியான் தேடித் தேடி அமைத்தார். குரு, லகு, குரு என்று வரும் 'டேங்கி' தாளத்தில் அதன் எளிய வடிவத்தைக் கண்டார். முன்னும் பின்னும் அற்றதாகிய நித்தியத்தைக் காலத்துக்குள்ளேயே காட்ட அவருக்கு அது உதவிற்று. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் மிருதங்க வித்துவான் ஒருவரை உட்கார வைத்து இந்த இசையைக் கேட்கச் செய்தால், "ஆவர்த்தனம் எங்கே, சமம் எங்கே?" என்றுதான் கேட்பார். மெசியான் எடுத்துக்கொண்டது தாளத்தின் எலும்பை. அதன் நடையை அன்று. ஆனாலும், நம்மவர்களே திறந்து பாராமல் அலமாரியில் வைத்திருந்த பட்டியலை ஒருவர் பாரிசில் உட்கார்ந்து உயிர்ப்பித்தார் என்பது சாதாரண விஷயமா?

இவ்வளவு புகழுக்கும் நடுவில் வீட்டில் துயரம் குடியிருந்தது. முதல் மனைவி கிளேர் தெல்போஸ் வயலின் கலைஞர். ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு நினைவு மங்கத் தொடங்கிற்று. மருத்துவ இல்லத்தில் பல ஆண்டுகள் இருந்து 1959-இல் இறந்தார். மகனை வளர்க்கும் பொறுப்பு மெசியான் மேல் விழுந்தது. அவர் காட்டுக்கும் வயலுக்கும் போய்ப் பறவைகளின் பாட்டை இசைக்குறிகளில் எழுதத் தீவிரமாக முற்பட்டது இந்த ஆண்டுகளில்தான். விடியுமுன்பே பென்சிலும் தாளுமாகப் புறப்பட்டுவிடுவார். 13 பகுதிகள் கொண்ட 'பறவைகளின் பட்டியல்' 1959-இல் அரங்கேறியது. அதை வாசித்தவர் அவருடைய பழைய மாணவி இவோன் லோரியோ. 1961-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அவரை ஒரு பக்கத்தாரும் முழுமையாக ஏற்கவில்லை என்பதையும் கூற வேண்டும். 1945-இல் அவருடைய 'இறைப் பிரசன்னத்தின் மூன்று சிறு வழிபாடுகள்' அரங்கேறியபோது பத்திரிகைகளில் பெரும் சண்டை மூண்டது. பக்தர்களுக்கு அந்த இசை மிகவும் உலகத்தனமாகப் பட்டது. புதுமைவாதிகளுக்கோ மிகவும் பக்தித்தனமாகப் பட்டது. அது கோயிலில் பாடுவதற்கு எழுதியதன்று. கச்சேரி மண்டபத்துக்கு எழுதியது. கோயிலுக்கு வராதவர்கள் கூடும் இடத்துக்கு மறையின் உண்மைகளைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் எண்ணம். பாரிஸ் ஓப்ராவுக்காக எட்டு ஆண்டுகள் உழைத்து, பாட்டையும் தாமே எழுதி, 1983 நவம்பர் 28 அன்று அரங்கேற்றிய 'அசிசியின் புனித பிரான்சிஸ்' அந்த எண்ணத்தின் உச்சி. ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடக்கும். பறவைகளுக்குப் புனிதர் பிரசங்கம் செய்யும் காட்சியில் அசிசியின் பறவைகளோடு, கடல் கடந்த நியூ கலிடோனியாவின் பறவைகளும் பாடுகின்றன.

அப்படியானால் கோயிலுக்குள்? அங்கே அவர் மிகவும் கண்டிப்பானவர். வழிபாட்டு இசை என்ற பெயருக்கு உண்மையில் தகுதியுள்ளது கிரகோரியார் இசை ஒன்றே என்று 1977 டிசம்பரில் நோத்ர் தாம் பேராலயத்தில் ஆற்றிய உரையில் சொன்னார். தம்முடைய இசையையும் சேர்த்துத்தான் அப்படிச் சொன்னார். இந்த இடத்தில் அவரோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியார் இசைக்கு முதலிடம் அளித்த அதே ஏட்டில், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுகளுக்கும் உரிய இடம் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம் தாய்மொழியில், நம் ராகத்தில் பாடிப் பழகிய நாவை இனி மாற்ற வேண்டியதில்லை. என்றாலும், 'தந்தும் எர்கோ' பாடத் தெரிந்தவர்கள் இந்தப் பங்கில் இன்று எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பாடகர் குழு தீர்மானம் செய்திருக்கிறது. புதன்கிழமைதோறும் மாலையில் பயிற்சி.

பாடகர் குழுவுக்கென்று மெசியான் எழுதியது மிகச் சொற்பம். நற்கருணையைப் பற்றிய 'ஓ சாக்ரும் கொன்விவியும்' என்ற இலத்தீன் பாடல், 1937-இல் எழுதியது, நான்கு குரல்களுக்கு அமைந்தது. நம் குழு பாடலாமே என்று ஆசைப்பட்டுத் தாளை வாங்கிப் பார்த்தோம். ஆறு ஷார்ப்புகள்! இப்போதைக்கு மடித்து வைத்திருக்கிறோம்.

1992 ஏப்ரல் 27 அன்று அவர் காலமானார். கடைசியாக எழுதி முடித்த 'மறுவுலகின் மீது மின்னல் ஒளிகள்' என்ற படைப்பை அவர் கேட்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் நியூயார்க்கில் அதை முதன்முறையாக நடத்தியவர் நம் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா.

இப்போது ஒலிபெருக்கியில் மெசியானின் 'விண்ணக விருந்து' என்ற ஆர்கன் இசையைக் கேட்கப் போகிறோம். 1928-இல், இருபது வயதுகூட நிரம்பாதபோது எழுதியது. யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலிருந்து, அவருடைய சதையையும் இரத்தத்தையும் உட்கொள்வதைப் பற்றிய வசனம் அதன் தலைப்பில் இருக்கிறது. மிகவும் மெதுவாக நகரும். முதலில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பொறுத்திருந்தால், காலால் வாசிக்கும் சுரங்கள் துளித்துளியாக மேலே சொட்டுவது கேட்கும். ஏழு நிமிடங்களுக்குமேல் ஆகாது. சிறுபிள்ளைகளைத் தாய்மார்கள் மடியில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். அது முடிந்ததும், கைதட்டலுக்குக் காத்திராமல், நம் குழுவினர் மூத்த உறுப்பினர்களோடு சேர்ந்து 'தந்தும் எர்கோ' பாடுவார்கள். தெரிந்தவர்கள் எழுந்து நின்று கூடப் பாடலாம்.